வடிவமைப்புக் கூடத்தில் மது அலமாரி: பணியிட மது குறித்து நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் இன்று தையல் கூடங்களோடு வடிவமைப்பு அலுவலகங்களும் சாம்பிள் அறைகளும் பெருகியுள்ளன. வெளிநாட்டுப் படைப்பு நிறுவனங்களைப் பின்பற்றி, இத்தகைய இடங்களில் சிறு 'பார்' அல்லது மது அலமாரி வைக்கும் விருப்பமும் எழுகிறது. ஆர்டர் முடிந்து கண்டெய்னர் புறப்பட்ட இரவில் வேலை செய்த இடத்திலேயே விருந்து வைப்பது இதன் மற்றொரு வடிவம். அங்குப் பணிபுரிவோரில் மதுப் பழக்கத்திற்கு ஆளானவர்களுக்கும், அதிலிருந்து மீண்டு வருவோருக்கும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் உதவும் வகையில் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

மது கற்பனையைத் திறந்துவிடும் என்ற நம்பிக்கை வடிவமைப்பாளர்களிடையே பரவலாக உண்டு. இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 75 மில்லிகிராம் மது இருந்தவர்கள் சில சொற்புதிர்களை விரைவாக விடுவித்தனர் என்பது உண்மையே. ஆனால் அதே நிலையில் அவர்களுடைய செயல்நினைவு குறைந்திருந்தது என்பதையும் அந்த ஆய்வே பதிவு செய்கிறது. இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் விதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். ஆய்வில் இருந்த அளவு அதைப்போல் இரண்டரை மடங்கு. அளவு அட்டவணை, நிறப் பொருத்தம், துணியின் எடை ஆகியவற்றை ஒரே நேரத்தில் மனத்தில் இருத்த வேண்டிய சாம்பிள் வேலையைச் சொற்புதிரோடு ஒப்பிட இயலாது. பாதுகாப்பான மது அளவு என எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியது.

அருகில் இருப்பதே ஆபத்து

மது எளிதில் கிடைக்கும் இடத்தில் குடிக்கும் அளவு கூடுகிறது. கடைக்குச் செல்லும் தொலைவும், அது திறக்கும் நேரமும், கையிலிருந்து செலவாகும் பணமும் ஒருவரைச் சற்றேனும் நிறுத்தி வைக்கும் தடைகள். பணியிட அலமாரி இம்மூன்றையும் நீக்கிவிடுகிறது. மேலும், மேலாளர் ஊற்றித் தரும் கோப்பையை மறுப்பது பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்கு எளிதன்று. குடியை நிறுத்தி மூன்று மாதமான ஒருவர் தினமும் புட்டியைப் பார்த்தபடி வேலை செய்ய நேர்ந்தால், பார்வையும் மணமுமே வேட்கையைத் தூண்டும். இது மூளையில் பதிந்துவிட்ட பழக்கத்தின் விளைவு. இதை மன உறுதிக் குறைவு என்று குடும்பத்தார் கருத வேண்டாம்.

இரவில் குடித்தது காலையில் எங்கே?

தூங்கி எழுந்தால் போதை தெளிந்துவிடும் என்பது தவறான கணக்கு. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் மதுவையே அகற்றும். 180 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் மது உள்ளது. 650 மில்லிலிட்டர் வலுவான பீர் ஒன்றில் 40 கிராம் வரை இருக்கலாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர் ஞாயிறு இரவு 10 மணிக்கு இரண்டாவது குவாட்டரை முடித்தால், திங்கள் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் அவருடைய இரத்தம் தெளியும். எட்டரை மணிக்கு ஷிப்ட் தொடங்கும்போது அவர் மதுவின் பாதிப்பிலேயே இருக்கிறார். காபி, மோர், எலுமிச்சைச் சாறு, குளியல் எதுவும் இந்தக் கணக்கை விரைவுபடுத்தாது.

கட்டிங் கத்தியின் முன் நிற்பவருக்கு விரல் போகும். சாயப்பட்டறையின் வெப்பத்தில் வேலை செய்பவருக்கு, மதுவால் ஏற்கெனவே வற்றிய உடல்நீர் மேலும் குறைந்து மயக்கம் வரலாம். பிரிண்டிங் பிரிவுகளில் உள்ள கரைப்பான்களை எக்காரணம் கொண்டும் பருகக் கூடாது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் உயிர்களைப் பறித்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலே. குடித்த சில மணி நேரத்திலோ மறுநாளோ பார்வை மங்கல், வாந்தி, மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இழப்பீடு குறித்தும் ஒரு செய்தி. மதுவின் பாதிப்பில் இருந்ததே நேரடிக் காரணமாக ஏற்பட்ட காயத்திற்கு, மரணமும் நிரந்தர முழு ஊனமும் நீங்கலாக, முதலாளி இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் அல்லர் என்ற விதிவிலக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. அந்த மது நிறுவனத்தின் விருந்திலேயே ஊற்றப்பட்டிருந்தாலும், காயத்தின் சுமை தொழிலாளியின் மேல் விழக்கூடும்.

திடீரென நிறுத்துவது

குடும்பத்தார் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. நாள்தோறும் அதிகம் குடித்து வந்தவர், குறிப்பாகக் காலையிலேயே கை நடுங்கி அதைத் தணிக்கக் குடிப்பவர், மருத்துவ உதவியின்றி ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை மனக்குழப்பம், இல்லாத உருவங்களைக் காணுதல், கடும் காய்ச்சல் ஆகியன ஏற்படக்கூடும். காந்தி ஜெயந்தி, மே தினம் போன்ற மதுக்கடை விடுமுறை நாள்களையும், சொந்த ஊருக்கான நீண்ட ரயில் பயணத்தையும் இதனால் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டிலோ விடுதி அறையிலோ பூட்டி வைத்து 'தெளிய வைக்கும்' முயற்சி கூடாது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயன் இல்லை. வாயில் எதையும் வைக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகள் அளவிட்டுத் தரப்பட்டு, சில நாள்களில் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசியும் தரப்படுகிறது. நீண்ட காலம் குடித்தவர்களுக்கு இது குறைந்தால் நினைவாற்றல் நிலையாகக் கெடலாம். வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் மனநல ஆலோசனையும் அதன் பிறகு பல மாதங்கள் தொடரும்.

டைசல்ஃபிராம் மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து இறக்கவும் நேரலாம். அவருடைய சம்மதமும் மருத்துவரின் மேற்பார்வையும் இன்றி இம்மருந்தைத் தரவே கூடாது. கடையில் வாங்கிவிடுவது எளிது என்பதாலேயே இதை இங்கு அழுத்திச் சொல்கிறோம்.

வேலைக்குத் திரும்பும்போது

மது சார்ந்த மனநிலைகள் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் கீழ் வருவன. எனவே சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. நிறுவனத்திடம் எவ்வளவு சொல்வது என்பதை அவரே முடிவு செய்யலாம். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் தகுதி பெற்றவருக்கு, மருத்துவச் சான்றிதழ் அடிப்படையில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தின் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும்.

முதல் சில வாரங்களில் இரவு ஷிப்டையும் ஒன்றரை ஷிப்டையும் தவிர்க்கக் கேட்பது நியாயமான கோரிக்கை. கட்டிங் பிரிவைச் சேர்ந்தவருக்குக் கை நடுக்கம் முழுவதும் நின்றதை மருத்துவர் உறுதி செய்யும்வரை செக்கிங், பேக்கிங் போன்ற வேலை தரலாம். அலமாரி உள்ள அறையில் இருக்கை இருந்தால் இடம் மாற்றித் தரும்படி, அல்லது அலமாரியையே அகற்றும்படி கேளுங்கள். பணியிட மதுப் பிரச்சினையை மற்ற உடல்நலப் பிரச்சினைகளைப் போலவே நடத்த வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலை. மேலாளரிடம் பேசும்போது இதைக் குறிப்பிடலாம். ஏற்றுமதி விருந்துக்குச் செல்லத்தான் வேண்டுமெனில், உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் முன்பே சொல்லிவைத்து, உணவு முடிந்ததும் இருவரும் கிளம்பிவிடுவது நல்லது. சனிக்கிழமைச் சம்பளம் ரொக்கமாக அன்றி வங்கிக் கணக்கில் வருவதும் பலருக்கு உதவுகிறது.

மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் சிகிச்சை தோற்றுவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. மருந்தை நிறுத்திவிடாமல், அடுத்த வேலை நாளிலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்கான சிகிச்சை இலவசம். முதலில் தொலைபேசியில் பேச விரும்புவோர் டெலி-மனஸ் 14416, சுகாதார உதவி எண் 104, போதை மீட்பு உதவி எண் 14446 ஆகியவற்றை அழைக்கலாம்.