உஸ்கான் ஒதுக்கி வைத்த 1,500 வராகன்

பூவிருந்தவல்லியை அடுத்துள்ள குமணன்சாவடியை உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். பக்கத்திலேயே கரையான்சாவடி என்றோர் ஊரும் இருக்கிறது. நெடுங்காலமாக மக்கள் நடந்த வழி இது என்பதற்கு இப்பெயர்களே சான்று. இங்கிருந்து போரூர் வழியாகச் செல்லும் சாலை பரங்கிமலையை அடைகிறது. அம்மலையிலிருந்து சென்னைக் கோட்டைக்குப் போக விரும்புவோர் அடையாற்றைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் அது எளிய செயலன்று.

இவ்விடரை நீக்க முன்வந்தவர் அரசரும் அல்லர், ஆளுநரும் அல்லர். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் அவர். பரங்கிமலைக் கோயிலுக்கு ஏறும் படிகளை அமைத்தவரும் அவரே. 1726ஆம் ஆண்டில், சைதாப்பேட்டையில், தம் சொந்தப் பொருளைக் கொண்டு வளைவுகள் பல தாங்கிய பாலம் ஒன்றைக் கட்டுவித்தார். மாம்பலம் என்ற ஊர்ப்பெயர் அயலார் நாவில் திரிந்து ‘மார்மலாங் பாலம்’ என்று அது வழங்கலாயிற்று.

அதற்கு அவர் செலவிட்டது 30,000 வராகன் என்பர். அத்துடன் நில்லாமல், பாலத்தைப் பழுதுபார்த்து வருவதற்கென்று 1,500 வராகனைத் தனியே ஒதுக்கியும் வைத்தார். கட்டிய செலவில் இது இருபதில் ஒரு பங்கு. எனக்கு அவர் கட்டிய பாலத்தினும் இந்தச் சிறு தொகையே பெரிதாகத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்லுகிறேன்.

பாலம் பெரும்பாலும் மேலிருந்து கெடுவதில்லை, கீழிருந்தே கெடுகிறது. வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழன்று அடிமணலை அரித்துச் செல்கிறது. கற்களுக்கு இடையிலுள்ள காரை கரைகிறது. பறவை இட்ட அரச விதையொன்று இடுக்கில் முளைத்து, வேரால் கல்லைப் பிளக்கிறது. மேலே வண்டியோட்டுபவனுக்கு இவை ஒன்றும் தெரியாது. ஆண்டுதோறும் ஒருவர் இறங்கிப் பார்த்து, அரித்த இடத்தை நிரப்பி, செடியை வேரோடு களைய வேண்டும். இவ்வேலைக்குத் திறப்பு விழாவும் இல்லை, மாலையும் இல்லை. ஆதலின் பணமும் எளிதில் கிடைப்பதில்லை.

அப்பாலம் 200 ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டது. எனினும் மாட்டுவண்டிக் காலத்துப் பாலம் மோட்டார் வண்டிப் பெருக்கைத் தாங்குமோ? 1966இல் அவ்விடத்தில் புதுப்பாலம் எழுந்தது. அதுவே இன்றைய மறைமலையடிகள் பாலம்.

சாலைக்கும் இதே நிலைதான். ஊருக்குள் செல்லும் வழியை அகலப்படுத்துவதா, ஊரைச் சுற்றிப் புதுவழி வகுப்பதா என்று பொறியாளர் வண்டிகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்வர். பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை சுமார் 32 கி.மீ. நீளும் சென்னைப் புறவழிச்சாலை அவ்வாறு பிறந்ததே. போரூருக்கு அருகே அது நம் பரங்கிமலைச் சாலையைக் குறுக்கே கடக்கிறது. குமணன்சாவடியில் இப்போது மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் சாலை நடுவே நிற்கின்றன. ஒரே வழியின் மேல் எத்தனை தலைமுறைச் சுமை!

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது மறைமலையடிகள் பாலத்திலும் போக்குவரத்தை நிறுத்தவேண்டி வந்தது. உஸ்கான் வைத்த பழைய கல்வெட்டு, பாலத்தின் ஓரத்தில் இன்றும் இருக்கிறது. சைதாப்பேட்டைப் பக்கம் போகும்போது இறங்கிப் பாருங்கள். அப்படியே தூண்களின் அடியையும் ஒருமுறை பார்த்து வாருங்கள்.