சுற்றிய கை எவர் கை?

1887-இல் வெளியான ஆங்கிலக் கதையொன்றில், ஷெர்லக் ஹோம்ஸ் எனும் துப்பறிவாளன் சாம்பலைக் கண்டே, "இது திருச்சிச் சுருட்டு" என்று தெளிந்தான். சாம்பலை அறிந்தான், சரி. சுருட்டைச் சுற்றிய கை எவர் கை? அவனும் கேட்கவில்லை, அன்றைய அரசும் கேட்கவில்லை!

1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இயந்திரம் ஓடும் பெரிய இடங்களையே ஆலையென ஏற்றது. அங்கே பெண்ணின் உழைப்புக்கு நாளொன்றுக்கு 11 மணி நேரம் என்று வரம்பும் கட்டிற்று. கையால் புகையிலை சுற்றும் கொட்டகையில் இயந்திரம் ஏது? ஆலை இல்லையெனில் வரம்பும் இல்லை.

1918-இல் வந்தது இன்ஃபுளுவென்சா. பம்பாயில் கால்வைத்த காய்ச்சல், நாடெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது. 1911-இல் ஆயிரம் ஆண்களுக்கு 964 பெண்கள். 1921 கணக்கெடுப்பிலோ 955. காரணம் காய்ச்சல் மட்டுமன்று. ஆயினும் அதற்கும் அதில் பங்குண்டு. பகலெல்லாம் உழைத்து, இரவெல்லாம் நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சியவள் யார்? விதி என்றனர் வைதிகர். ஓய்வின்றி நோயை நெருங்கி நின்றவளை நோய் பற்றியதற்குப் பெயர் விதியா?

வீட்டில் சுற்றுபவளும் தொழிலாளியே என்று ஒப்புக்கொள்ள 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வரவேண்டியிருந்தது. அந்த ஏற்பு எவ்வளவு மெல்லியது என்பதை 2020 காட்டிற்று.

மார்ச் 25-இல் ஊரடங்கு. "வீட்டிலேயே இருங்கள்" என்றனர். பீடி சுற்றும் பெண்ணுக்கு வீடுதானே பட்டறை! அவள் எங்கும் போகவில்லை. இலையும் தூளும்தான் வரவில்லை. பிடித்தமின்றிக் கூலி கொடுங்கள் என்று மார்ச் 29-இல் நடுவணரசு ஆணையிட்டது. மாதச் சம்பளக்காரருக்கு அது பிடிகொம்பு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்குபவளுக்கோ, சுற்றாத பீடிக்குக் கூலி ஏது, பிடித்தம் ஏது? அந்த ஆணையும் மே 18-இல் மறைந்தது.

காவிரிக்கு அப்பால் திருவரங்கத்திலும் கோயில் வாயில் அடைபட்டது. உள்ளே பூசை மட்டும் நிற்கவில்லை. சிலைக்கு வேளை தவறாமல் படையல். சுற்றியவள் வீட்டில் உலை ஏறியதா என்று கேட்க ஆளில்லை!

1966-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கப்பட்டது. வேலை நின்ற நாளில் வீட்டிலிருந்து உழைப்பவளுக்கு அதில் என்ன இருக்கிறது? திருச்சித் தோழர்கள் அதை வரிவரியாகப் படித்து, பீடி சுற்றும் பெண்களுக்கு அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே சொல்லவேண்டும்.