முதுகைக் காட்டித் தாண்டியவர்

உயரம் தாண்டுதலில் எல்லோரும் மல்லாந்தபடிதான் கம்பியைக் கடக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? முதலில் அப்படித் தாண்டியவரைப் பார்த்துச் சிரித்தார்களாம்!

அவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டிக் ஃபாஸ்பரி. அன்று பெரும்பாலோர் குப்புறப் படுத்த நிலையில் கம்பியின்மேல் உருண்டு கடந்தார்கள். ஃபாஸ்பரிக்கு அது சரிவரவில்லை. பள்ளியில் படிக்கும்போதே, 1963 வாக்கில், பழைய கத்தரி முறையைத் தனக்கேற்ப மாற்ற ஆரம்பித்தார். தோளைப் பின்னால் சாய்த்தார், இடுப்பை உயர்த்தினார். கடைசியில் தலை முதலில் போனது!

இதில் என்ன லாபம்? வில்லாக வளைந்த உடல் கம்பியைப் பகுதி பகுதியாகக் கடக்கிறது. அதனால் உடலின் ஈர்ப்பு மையம் கம்பிக்குக் கீழேயே போகலாம். அதே கால் பலம், கூடுதல் உயரம்!

ஆனால் முதுகில் விழவேண்டும். மணலும் மரத்தூளும் போட்ட குழியில் விழுந்தால் கழுத்து என்னாவது? நுரை மெத்தைகள் வந்த பிறகுதான் இந்த முறை நிலைத்தது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் ஃபாஸ்பரி. 1972-இல் பழைய முறைக்காரர் ஒருவர் வென்றார். 1976 முதல் ஆண்கள் தங்கம் எல்லாம் மல்லாந்து தாண்டியவர்களுக்கே!

'இப்படித்தான் தாண்டணும்' என்று பி.டி. மாஸ்டர் சொன்னால் ஃபாஸ்பரியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மெத்தை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள் :)