சிரிக்காத மாமனாரும் 1862-ல் வந்த ஒரு புத்தகமும்

1/
"மாமா என் மேல ரொம்பக் கோவமா இருக்காரு சார். பேத்தி பொறந்து நாலு மாசம் ஆச்சு. இன்னும் ஒரு தடவகூட புள்ளயப் பார்த்துச் சிரிக்கல. பொம்பளப் புள்ளயா போச்சுன்னுதானே சார்?"

ஓபியில ஒரு மருமகள் கேட்ட கேள்வி இது. பக்கத்து ஸ்டூல்லயே அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அதைக் கேட்டும் அவர் முகத்துல ஒரு அசைவும் இல்ல.

முகத்தை வச்சு மனசைச் சொல்லிட முடியுமா? இந்தக் கேள்வியோட 200 வருஷக் கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்.

அவர் அதுக்கு மூணு மாசம் முன்னாடியே என்கிட்ட வந்திருக்கார். "ஒரே அசதியா இருக்கு, முன்ன மாதிரி நடக்க முடியல"ன்னு சொன்னார். மெதுவான குரல், உம்முனு முகம், கேட்ட கேள்விக்கு ஒத்த வார்த்தையில பதில். வெளியில நூறு பேர் வரிசை. வீட்ல ஏதோ மனஸ்தாபம் போலன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டு, சத்து மாத்திரை எழுதி அனுப்பிட்டேன்.

மருமகள் செஞ்ச அதே தப்பைத்தான் நானும் செஞ்சேன். அவங்க மருத்துவம் படிக்கல. நான் படிச்சிருக்கேன்.

3/
அவர் முகத்துக்கு என்ன ஆச்சுன்னு புரியணும்னா, முதல்ல சிரிப்புன்னா என்னன்னு தெரியணும்.

எம்பிபிஎஸ் படிச்ச எல்லாருக்கும் 'பெல்ஸ் பால்சி' தெரியும். ஒரு பக்கம் முகம் கோணிக்கிட்டு, கண்ணை மூட முடியாமப் போற அந்த நோய்தான். அந்த பேருக்குச் சொந்தக்காரர் சார்லஸ் பெல், ஸ்காட்லாந்துக்காரர், அறுவை மருத்துவர். அருமையா படமும் வரைவார். 1806-ல் ஓவியர்களுக்காகவே முகபாவங்களின் உடற்கூறு பத்தி ஒரு புத்தகம் எழுதினார். 1821-ல் முகத்தின் நரம்புகள் பத்தி ஒரு கட்டுரை. முகத்தை அசைக்கிற நரம்பு வேற, முகத்துல தொடு உணர்ச்சியைக் கொண்டுபோற நரம்பு வேறன்னு பிரிச்சுப் புரிஞ்சுக்கிட்டதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மனசுல இருக்கிறதைக் காட்டுறதுக்குன்னே மனுஷனுக்குச் சில தசைகளைக் கடவுள் தனியா கொடுத்திருக்கார்ங்கிறது பெல்லோட நம்பிக்கை.

4/
எந்த உணர்ச்சிக்கு எந்தத் தசை? அதைத் தேடிப் போனவர் பிரான்ஸின் துஷேன்.

பிரான்ஸின் வடக்குக் கடலோர ஊரான புலோன்ல 1806-ல் பிறந்தவர். துஷேன் தசைச்சிதைவு நோய்னு சின்னப் பையன்களுக்கு வர்ற நோயைப் படிச்சிருப்பீங்களே, அதே துஷேன்தான். முதல் மனைவி பிரசவம் ஆன கொஞ்ச நாள்லயே இறந்துட்டாங்க. ஒரே மகன்கிட்ட இருந்து பல வருஷம் பிரிஞ்சு வாழ்ந்தார். 1842-ல் பாரீஸ் வந்தார். அங்க பேராசிரியர் பதவியோ ஆஸ்பத்திரியில நிரந்தரப் பொறுப்போ கிடையாது. கையில ஒரு மின்சாரப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா, வார்டு வார்டா சுத்தி நோயாளிகளைப் பார்த்த மனுஷன்.

5/
அந்தப் பெட்டியில இருந்து வர்ற ரெண்டு கம்பி முனையைத் தோல் மேல வச்சா, கீழ இருக்கிற தசை மட்டும் சுருங்கும். கை, கால்ல இதைச் செஞ்சு பார்த்தவர், முகத்துக்கு வந்தார்.

முகத்துல ஷாக் வச்சா வலிக்கும். வலியில முகம் சுளிச்சா எது சோதனை, எது வலின்னு தெரியாது. அவருக்கு ஒரு ஆள் கிடைச்சார்: பல்லில்லாத, ஒல்லியான ஒரு வயசான செருப்புத் தொழிலாளி. நோயால அவர் முகத்துல தொடு உணர்ச்சி ஏறக்குறைய போயிருந்தது, தசைகள் நல்லா இருந்தது. ஷாக் வச்சா முகம் அசையும், அவருக்கு வலிக்காது.

ஒவ்வொரு தசையா சுருங்க வச்சு போட்டோ எடுத்தார் துஷேன். கேமரா புதுசா வந்திருந்த காலம். எல்லாத்தையும் சேர்த்து 1862-ல் புத்தகமா போட்டார். இன்னைக்கும் அந்தக் கிழவரோட முகம் பாடப்புத்தகங்கள்ல இருக்கு.

6/
அந்தப் புத்தகத்துல இருந்து உலகம் எடுத்துக்கிட்டது ஒரு விஷயம்.

கன்னத்துல ஸைகோமேட்டிகஸ் மேஜர்னு ஒரு தசை. அதுதான் வாயோட ஓரத்தை மேல இழுக்கும். அதை மட்டும் சுருக்கினா வாய் சிரிக்கும், ஆனா பார்க்கிறவங்களுக்கு ஏதோ இடிக்கும். கண்ணைச் சுத்தி ஆர்பிக்குலாரிஸ் ஆக்குலைன்னு இன்னொரு தசை. அதுவும் சேர்ந்தாதான் கன்னம் மேல ஏறி, கண்ணு லேசா சுருங்கி, ஓரத்துல சுருக்கம் விழுந்து, சிரிப்பு சிரிப்பா தெரியும்.

வாய்த் தசை நாம சொன்னா கேட்கும், கண் தசை மனசுக்குள்ள நிஜமா சந்தோஷம் இருந்தாத்தான் அசையும்னு துஷேன் முடிவு பண்ணினார். போட்டோக்காரர் "சிரிங்க"ன்னதும் வர்றது முதல் வகை. ரொம்ப நாள் கழிச்சு வாசல்ல சிநேகிதனைப் பார்த்ததும் வர்றது ரெண்டாவது வகை. ரெண்டாவதுக்கு இப்ப 'துஷேன் சிரிப்பு'ன்னே பேரு.

(அவர் சொன்னது முழுக்கச் சரியில்ல. கண் தசையையும் வேணும்னே சுருக்கிச் சிரிக்க நிறைய பேரால முடியுது. நல்ல நடிகர்களைக் கேளுங்க.)

7/
ஆனா 'வரவழைக்கிற சிரிப்பு', 'தானா வர்ற சிரிப்பு' ரெண்டும் வேறன்னு அவர் பிரிச்சது ரொம்பப் பெரிய விஷயம். ஏன்னா மூளையிலயும் அது ரெண்டுக்கும் வழி வேற வேற.

பக்கவாத வார்டுல இதைக் கண்ணால பார்க்கலாம். "பல்லைக் காட்டுங்கம்மா"ன்னு சொன்னா ஒரு பக்கம் வாய் இழுத்துக்கும், இன்னொரு பக்கம் அசையாது. கொஞ்ச நேரம் கழிச்சு பேரன் வந்து ஏதாவது குறும்பு பண்ணுவான். அதே அம்மா ரெண்டு பக்கமும் சமமா சிரிப்பாங்க. சிலருக்கு இப்படி நடக்கும். நாம கட்டளை போட்டு அசைக்கிற பாதையில அடைப்பு, உணர்ச்சி வர்ற பாதை திறந்திருக்கு.

இதுக்கு நேர் எதிரா ஆகுற நோயும் உண்டு. சொன்னா சிரிக்கலாம், தானா சிரிப்பு வராது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரேன்.

8/
இப்ப டார்வின். 1872-ல் மனிதர், விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாடு பத்தி ஒரு புத்தகம் போட்டார். முகபாவத்துக்குன்னு கடவுள் தனியா தசை கொடுத்தார்னு பெல் சொன்னதை மறுத்து, குரங்குக்கும் நமக்கும் இருக்கிற ஒற்றுமையைக் காட்டினார். உலகம் பூரா இருக்கிற தெரிஞ்சவங்களுக்கு ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பி, உங்க ஊர்க்காரங்க ஆச்சரியப்பட்டா கண்ணு விரியுமா, வெட்கப்பட்டா முகம் சிவக்குமான்னெல்லாம் விசாரிச்சார். 36 பதில் வந்தது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்துல வேலை பார்த்த ஸ்காட்டும் இந்தியாவில இருந்து தகவல் அனுப்பினவர்கள்ல ஒருத்தர்.

துஷேனோட போட்டோக்களையும் அனுமதியோட பயன்படுத்தினார். அதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சார்.

9/
எந்த விளக்கமும் சொல்லாம, இருபதுக்கும் மேற்பட்டவங்ககிட்ட அந்த போட்டோக்களைக் காட்டி "இவர் மனசுல என்ன இருக்கு?"ன்னு கேட்டார். சில படத்துக்கு ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதில் சொன்னாங்க. சில படத்துக்கு ஆளுக்கு ஒரு பதில்.

மின்சாரம் வச்சு வாயை மட்டும் இழுத்த பொய்ச் சிரிப்புப் படத்தை 24 பேருக்குக் காட்டினார். மூணு பேருக்கு என்னன்னே புரியல. மத்தவங்களுக்கு அது சிரிப்பு வகைன்னு தெரிஞ்சது, ஆனா ஏதோ சரியில்லைன்னும் பட்டது. அதே கிழவர் இயல்பா சிரிக்கிற படத்தை எல்லாரும் உடனே கண்டுபிடிச்சாங்க.

இதுக்கப்புறம் டார்வின் ஒண்ணு ஒத்துக்கிறார். எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம். துஷேன் எழுதின விளக்கத்தைப் படிச்சுக்கிட்டே படங்களைப் பார்த்தப்ப, எல்லாமே அப்படியே பொருந்துதேன்னு அசந்துட்டாராம். விளக்கம் இல்லாம பார்த்திருந்தா, சில படங்கள்ல தானும் மத்தவங்க மாதிரியே குழம்பியிருப்பேன்னு எழுதுறார்.

அதாவது, முன்கூட்டியே ஒரு கதை நம்ம மனசுல இருந்தா, எந்த முகமும் அந்தக் கதைக்குப் பொருந்திடும்.

10/
டார்வினுக்கு அப்புறம் ரொம்ப காலம் இது கிடப்புல கிடந்தது. முகபாவமும் மொழி மாதிரிதான், ஊருக்கு ஊர் வேறங்கிற கருத்துதான் 20-ஆம் நூற்றாண்டு மானுடவியல்ல ஓங்கியிருந்தது. 1960-களோட கடைசியில பால் எக்மன்ங்கிற அமெரிக்க உளவியலாளர் பப்புவா நியூ கினியில ஃபோரே மக்கள்கிட்ட போனார்.

டாக்டர்களுக்கு இந்தப் பேர் கேட்ட மாதிரி இருக்குமே? குரு நோய் வந்த அதே மக்கள். அந்த நோயை ஆராய்ஞ்சு 1976-ல் நோபல் வாங்கின கஜ்டுசெக் எடுத்திருந்த படச்சுருள்களைப் பார்த்துதான் எக்மனுக்கு இந்த ஆராய்ச்சியில பிடிப்பு வந்தது.

ஒரு சின்னக் கதை சொல்லி, இதுக்கு எந்த முகம் பொருந்தும்னு போட்டோவை எடுக்கச் சொன்னார். சந்தோஷம், துக்கம், கோபம் எல்லாம் பெரும்பாலும் பொருந்தியது. பயத்துக்கும் ஆச்சரியத்துக்கும் மட்டும் குழப்பம். அடிப்படை உணர்ச்சிகள் உலகத்துக்கே பொதுன்னு எழுதினார். 1978-ல் ஃப்ரீசனோட சேர்ந்து ஒவ்வொரு முகத்தசை அசைவுக்கும் எண் கொடுத்தார். துஷேன் சிரிப்பு அதுல 6-ம் 12-ம் சேர்ந்தது.

11/
இங்கதான் விஷயம் கை மீறிப் போச்சு. முகத்தைப் படிக்க ஒரு அகராதி கிடைச்சிருச்சுன்னு உலகம் நம்ப ஆரம்பிச்சது.

அமெரிக்க விமான நிலையங்கள்ல 2007-ல் ஒரு திட்டம். பயணிகளோட முகத்தையும் நடத்தையையும் பார்த்து ஆபத்தானவங்களைக் கண்டுபிடிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி. சுமார் 90 கோடி டாலர் செலவு. 2013-ல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பு சொன்னது: இப்படிப் பார்த்து ஏமாத்துறவங்களைக் கண்டுபிடிக்கிறது, காசு சுண்டிப் பார்க்கிற அளவுதான், இல்ல அதைவிடக் கொஞ்சம் பரவாயில்ல.

2014-ல் நமீபியாவின் ஹிம்பா மக்கள்கிட்ட போட்டோக்களைக் கொடுத்து, கதை எதுவும் சொல்லாம, நீங்களா வகை பிரிங்கன்னு சொன்னாங்க. எதிர்பார்த்த வகைகள்ல அவங்க பிரிக்கல. 2019-ல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து அறிவியலாளர்கள் இருக்கிற ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தாங்க. கோபம் வந்தவங்க எல்லாரும் புருவத்தை நெரிக்கிறதில்ல. புருவத்தை நெரிக்கிற எல்லாருக்கும் கோபமும் இல்ல. முகத்தை மட்டும் வச்சு மனசை உறுதியா சொல்ல முடியாதுன்னு எழுதினாங்க.

டார்வின் 1872-ல் ஒத்துக்கிட்ட இடத்துக்கே சுத்தி வந்திருக்கோம்.

12/
சரி, நம்ம பெரியவர்கிட்ட வருவோம்.

ரெண்டாவது தடவை வந்தப்பதான் அவரை ஒழுங்கா பார்த்தேன். அவர் கண்ணைச் சிமிட்டவே இல்ல. நம்ம எல்லாரும் நிமிஷத்துக்குச் சராசரியா 15, 20 தடவை சிமிட்டுவோம். அவர் அரை நிமிஷத்துக்கு ஒண்ணு. "முறைச்சு முறைச்சுப் பார்க்குறாரு"ன்னு மருமகள் சொன்னது இதைத்தான். மடியில வச்சிருந்த வலது கையில, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரையை உருட்டுற மாதிரி நடுங்கிக்கிட்டே இருந்தது. எழுந்து நடக்கச் சொன்னேன். அடியை அரைச்சு அரைச்சு வச்சார், வலது கை வீசல.

பார்க்கின்சன் நோய்.

1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வச்சு முதல்ல எழுதினது. அதுல சிலரைத் தெருவுல நடந்து போறப்பப் பார்த்ததுதான். அதுக்கு அவர் பேரை வைக்கச் சொன்னவர் பாரீஸின் சார்கோ. அசையாத முகத்தையும் நிலைகுத்தின பார்வையையும் எடுத்துச் சொன்னவரும் அவரே. பதவி இல்லாம வார்டு வார்டா சுத்தின துஷேனை மதிச்சு, குருவா சொல்லிக்கிட்டவரும் இதே சார்கோதான்.

13/
"ஐயா, நல்லா பல்லைக் காட்டுங்க"ன்னேன். மெதுவா, ஆனா காட்டினார். வாய் ரெண்டு பக்கமும் விரிஞ்சது.

மருமகளுக்கு அதிர்ச்சி. "நீங்க சொன்னா சிரிக்கிறாரு பாருங்க சார்!"

நான் முன்னாடி சொன்ன அந்த எதிர்மாறான நோய் இதுதான்மா. மூளையில டோபமைன்னு ஒண்ணு குறைஞ்சுபோச்சு. நாம நினைக்காமலே நடக்கிற வேலைகள், கை வீசுறது, கண் சிமிட்டுறது, புள்ளயப் பார்த்ததும் தானா முகம் மலர்றது, இதெல்லாம்தான் முதல்ல போகும். உள்ள சந்தோஷம் இருக்கும். முகத்துக்கு வராது.

அப்புறம், மூணு மாசம் முன்னாடியே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "ஐயா, பேத்தியைப் பிடிக்குமா?"

கொஞ்ச நேரம் கழிச்சு, ஏத்த இறக்கமே இல்லாத குரல்ல சொன்னார்: "ராத்திரி அவ அழுதா மொதல்ல முழிக்கிறது நான்தான் தம்பி. தூக்கத்தான் பயம். கை நடுங்குதுல்ல, போட்டுட்டேன்னா?"

முகத்துல அப்பவும் ஒண்ணுமில்ல. மருமகள் குனிஞ்சு முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

14/
லெவோடோபா மாத்திரை ஆரம்பிச்சோம். நடை தேறியிருக்கு, நடுக்கம் குறைஞ்சிருக்கு. முகம் கொஞ்சம் இளகியிருக்கு, பழையபடி ஆகல. நோய் முழுக்கப் போகாது, அதையும் சொல்லித்தான் அனுப்பினேன். இப்ப மருமகள் அவரை உட்கார வச்சு, சுத்தித் தலையணை போட்டு, புள்ளய மடியில வைக்கிறாங்களாம்.

மாத்திரையில வந்த பலன் ஒரு பக்கம். "உன் மேல கோபம் இல்ல"ங்கிறது அந்த வீட்டுக்குத் தெரிஞ்சது இன்னொரு பக்கம். அதுக்கு மூணு மாசம் தாமதமானது என்னால.

15/
கடைசியா ரெண்டு விஷயம்.

வீட்ல இருக்கிறவங்களுக்கு: வயசானவங்க முகம் சில மாசமா இறுகிட்டே வந்தா, குரல் தணிஞ்சா, கையெழுத்து சின்னதா ஆனா, நடக்கும்போது ஒரு கை வீசலன்னா, கோவம்னு விட்டுடாதீங்க. மனச்சோர்வா இருக்கலாம், பார்க்கின்சனா இருக்கலாம், தைராய்டு குறைவா இருக்கலாம். எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

என் ஜூனியர்களுக்கு: முகத்தைப் பாருங்க, கண்ணைப் பாருங்க, கட்டாயம் பாருங்க. துஷேன் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனா பார்த்ததோட முடிவு பண்ணாதீங்க. வரிசை எவ்வளவு நீளமா இருந்தாலும், வாயைத் திறந்து ஒரு கேள்வி கேளுங்க.