குறியீட்டு எண்ணும் குடித்தனமும்

பிழைப்பின் பொருட்டு டில்லியிலும் பம்பாயிலும் குடியேறிய நாம், எந்நகரில் செலவு மிகுதி என்று வினவாத நாளில்லை. முதல் உலகப் போர் விளைவித்த விலையேற்றத்தை அடுத்து, 1921-இல் அமைந்த பம்பாய்த் தொழிலாளர் அலுவலகம் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவை ஆராய்ந்தது. 1946-இல் சிம்லாவில் மத்தியத் தொழிலாளர் பணியகம் தோன்றியது. 1958-59-இல் 50 தொழில் மையங்களில் குடும்பச் செலவு கணக்கெடுக்கப்பெற்றது. 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் மையங்கள் 88.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அடிப்படை ஆண்டில் ஒவ்வொரு மையத்திற்கும் 100 என்றே எண் வைக்கப்பெறுகிறது. ஆதலின் ஓரூரின் எண் 140, மற்றோரூரின் எண் 130 எனில், முன்னதில் வாழ்வதற்குச் செலவு மிகுதி என்பது பொருளன்று; அடிப்படை ஆண்டிலிருந்து அங்கு விலை மிகுதியாக ஏறியுள்ளது என்பதே பொருள். மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படியோ அகில இந்திய எண்ணைத் தழுவியது. எந்நகரில் வாழினும் விகிதம் ஒன்றே. வீட்டு வாடகைப்படிக்கு நகரங்களை வகைப்படுத்துவதும் மக்கள்தொகையைக் கொண்டே. அவ்வூர் வாடகையைக் கொண்டன்று.

குழாயில் நீர் வரும் நேரத்திற்கும், அலுவலகம் சென்று மீளும் பொழுதிற்கும், பிள்ளைகள் தமிழ் பயிலும் வாய்ப்பிற்கும் இக்கணக்குகளில் இடமில்லை. மாற்றல் ஆணை பெற்று ஊர்களை ஒப்பிடும்போது, எண்ணை நோக்குவதோடு, அங்கே குடித்தனம் நடத்துவோரையும் நாம் வினவுதல் நன்று.