டி-76 டெவலப்பர்: தூள் கரைக்கும் முறை

கறுப்பு-வெள்ளை பிலிம் கழுவுவதற்கான டெவலப்பர். கோடாக் நிறுவனத்தின் ஜான் கேப்ஸ்டாஃப் 1920களில் உருவாக்கியது. இல்ஃபோர்டின் ஐடி-11 ஏறக்குறைய இதேதான். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம்.

தூளாக இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். மெட்டால் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறு துளி பட்டாலும் அரிப்பு எடுக்கும். சல்பைட் தூசு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. எனவே கையுறை, முகமூடி, கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் கரைக்க வேண்டும். சமையலறை வேண்டாம். டெவலப்பருக்கு எடுத்த பாத்திரம் மறுபடி அடுப்படிக்குப் போகவே கூடாது.

சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் 750 மில்லி நீர் எடுத்து, கிளறியபடியே தூளைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். தனித்தனியாக நிறுத்துக் கரைப்பவர்கள் முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், அடுத்து மெட்டால், அதன்பின் மீதி சல்பைட் என்று போவார்கள்: சல்பைட் செறிந்த நீரில் மெட்டால் எளிதில் கரையாது, சல்பைட்டே இல்லாவிட்டாலோ காற்றுபட்டுக் கெடும். கடைசியில் குளிர்ந்த நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கலாம். நுரை வரும்படி அடித்துக் கலக்குவது தவறு. காற்று உள்ளே போகும்.

கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பாதி பாதியாகக் கரைப்பதும் சரியல்ல. உள்ளே தூள்கள் சீராகக் கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

விளிம்புவரை நிரப்பி இறுக மூடிய புட்டியில் ஆறு மாதம் தாங்கும். பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தேநீர் நிறத்துக்கு மாறிய கரைசலைப் பயன்படுத்தக் கூடாது.