அமா தப்லாமின் கயிறுகள்: இமயத்தில் வழிகாட்டி மலையேற்றம் உருவான வரலாறு

நேபாளத்தின் கும்பு பகுதியில் பாங்போச்சே ஊருக்கு மேலே நிற்கும் அமா தப்லாமின் உயரம் 6,812 மீட்டர். எவரெஸ்ட்டைவிட இரண்டு கிலோமீட்டர் குட்டையானாலும் ஏறுநுட்பத்தில் அதைவிடக் கடுமையான மலை. எவரெஸ்ட்டின் வழக்கமான தென்கிழக்குப் பாதையில் பெரும்பகுதி பனியின்மேல் நடைதான். அமா தப்லாமின் தென்மேற்கு முகட்டில் பாறைப் பிளவுகளைக் கையால் பற்றி ஏற வேண்டும். கிராம்பான் என்னும் முள்தகடு கட்டிய காலின் நுனியில் செங்குத்துப் பனியில் நிற்க வேண்டும். இரு பக்கமும் பள்ளம் இறங்கும் ஒடுங்கிய விளிம்பில் மணிக்கணக்கில் நடக்க வேண்டும். 1961 வரை இதன் உச்சியை எவரும் தொட்டதில்லை. அதே முகட்டில் அடுத்த குழு வெற்றிபெற 1979 வரை ஆயிற்று. இன்று ஒவ்வோர் அக்டோபர், நவம்பரிலும் நூற்றுக்கணக்கானவர்கள் பணம் கட்டிப் பதிவுசெய்து அங்கே போகிறார்கள்.

இந்த மாற்றத்துக்குக் கருவிகள் நல்லதாகிவிட்டன, பணக்காரர்கள் பெருகிவிட்டார்கள், எவரெஸ்ட் வணிகமாகிவிட்டது என்று காரணம் சொல்வது வழக்கம். மூன்றும் உண்மை, ஆனால் மூன்றும் சேர்ந்தும் அமா தப்லாமை விளக்கவில்லை. நடக்கக்கூடிய மலையில் பயிற்சி குறைந்தவரை மூச்சுவாயுவும் சுமையாட்களும் மேலே சேர்த்துவிடலாம். கைதேர்ந்தவரே தயங்கும் பாறையில் அது எப்படி நடந்தது? ஆல்ப்ஸில் வழிகாட்டி என்பவர் வாடிக்கையாளரைத் தன் கயிற்றோடு கட்டிக்கொண்டு ஏறுபவர். அந்த உறவு இமயத்துக்கு வந்தபோது உடைந்தது. உடைந்த இடத்தை மலையோடு கட்டிய கயிறு நிரப்பியது. ஏறுநுட்பம் கோரும் சிகரங்களில் வழிகாட்டித் தொழிலின் வரலாற்றை இந்தக் கயிற்றின் வரலாறாகப் படிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆல்ப்ஸிலிருந்து வந்ததும் வராததும்

பிரான்ஸின் ஷாமோனியில் வழிகாட்டிகள் சங்கம் 1821-இல் அமைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மோன் பிளாங்கில் நடந்த விபத்தில் மூன்று வழிகாட்டிகள் இறந்தார்கள். சங்கத்தின் பிறப்புக்கு அந்தச் சாவுகளே காரணம். முறைவைத்து வேலை பகிர்வது, கூலியை நிர்ணயிப்பது, இறந்தவர் குடும்பத்துக்கு உதவுவது எனத் தொழிலுக்கு விதிகள் ஏற்பட்டன. அங்கே வழிகாட்டி ஊரறிந்த ஆள். வாடிக்கையாளர் லண்டனில் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பனியாற்றின்மேல் முடிவெடுப்பவர் வழிகாட்டிதான்.

இமயத்தின் தொடக்ககால ஏற்றங்களில் இந்த ஏற்பாடு அப்படியே வந்தது. 1883-இல் டபிள்யூ. டபிள்யூ. கிரஹாம் சுவிட்சர்லாந்துக்காரர்களான எமில் பாஸ், உல்ரிச் காஃப்மன் இருவருடன் சிக்கிம் பக்கம் ஏறினார். 1907-இல் டாம் லாங்ஸ்டாஃப் 7,120 மீட்டர் உயரத் திரிசூல் சிகரத்தை எட்டியபோது அலெக்சிஸ், ஆன்ரி புரோசெரல் சகோதரர்கள் உடனிருந்தார்கள். அதே ஆண்டு காஞ்சன்ஜங்கா பக்கம் ஐரோப்பிய வழிகாட்டிகளுடன் போன ஸ்காட்லாந்து வேதியியலாளர் அலெக்சாண்டர் கெல்லஸ், பிறகு அவர்களை விட்டுவிட்டு நேபாள மலைமக்களான ஷெர்பாக்களோடு மட்டும் ஏறத் தொடங்கினார். 1911-இல் 7,000 மீட்டரைத் தாண்டிய பௌஹுன்ரியை அவர் அப்படித்தான் ஏறினார். ஷெர்பாக்களின் திறமையை முதலில் எழுத்தில் உரக்கச் சொன்னவர்களில் கெல்லஸ் ஒருவர். ஆயினும் அவருக்குப் பின் வந்தவர்கள் ஷெர்பாவை ஐரோப்பிய வழிகாட்டியின் இடத்தில் வைக்கவில்லை. உடம்பு வலுவை எடுத்துக்கொண்டு முடிவெடுக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

1922 ஜூனில் எவரெஸ்ட்டின் வடக்குக் கணவாய்ச் சரிவில் பனி சரிந்தபோது கயிறுகள் கட்டப்பட்டிருந்த விதம் இதைக் காட்டுகிறது. முன்கயிற்றில் பிரிட்டிஷ் குழுவின் மேலரி உட்பட மூன்று ஆங்கிலேயர்கள், ஒரு சுமையாள். பின்னால் வந்த கயிறுகளில் சுமையாட்கள் மட்டும். ஏழு சுமையாட்கள் இறந்தார்கள், ஆங்கிலேயர் எவரும் இறக்கவில்லை. அந்தச் சரிவில் ஏறலாம் என்று முடிவெடுத்தவர்களும் அதற்கு உயிர்கொடுத்தவர்களும் வேறுவேறு கயிறுகளில் இருந்தார்கள்.

1928-இல் தொடங்கிய ஹிமாலயன் கிளப் டார்ஜிலிங்கில் ஷெர்பாக்களின் பணிப்பதிவுகளைப் பேணியது. 1930-களின் இறுதியில் உயரத்தில் சிறந்து உழைத்தவர்களுக்குப் ‘புலி’ பதக்கம் வழங்கியது. மரியாதைதான். ஆனால் ஷாமோனியில் வழிகாட்டிகள் தாங்களே சங்கம் வைத்துத் தங்களை மதிப்பிட்டுக்கொண்டார்கள். டார்ஜிலிங்கில் வேலை கொடுப்பவர் மதிப்பெண் போட்டார். 1953-இல் எட்மண்ட் ஹிலாரியோடு எவரெஸ்ட் உச்சியை முதலில் அடைந்த டென்சிங் நோர்கேயின் புகழ் இந்த நிலையை ஓரளவு அசைத்தது. 1954-இல் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டு, களப்பயிற்சியின் பொறுப்பு டென்சிங்கிடம் வந்தது.

வெள்ளிக் குடில்

1960–61 குளிர்காலத்தில் எட்மண்ட் ஹிலாரியின் தலைமையில் ஒரு குழு அமா தப்லாமின் அடியில், மிங்போ பள்ளத்தாக்கின் மேற்புறம், சுமார் 5,800 மீட்டரில் வெள்ளிநிறக் குடிலொன்றை நிறுவியது. உயரத்தில் மாதக்கணக்கில் தங்கினால் உடல் என்னாகும் என்று அறிவதே நோக்கம். ஆய்வுத் தலைவர் உடலியலாளர் கிரிஃபித் பியூ. அந்த உயரத்தில் உடல் முழுதாகப் பழகிக்கொள்வதில்லை என்று தெரியவந்தது. சோறும் ஓய்வும் கிடைத்தும் குடிலில் இருந்தவர்களின் எடை வாரந்தோறும் இறங்கியது. உயரே போய்ப் பழகு, கீழே வந்து தேறு என்னும் இன்றைய பயணத்திட்டங்களின் நியாயத்துக்கு இந்தக் கண்டுபிடிப்பு வலுச்சேர்த்தது.

குடிலில் இருந்தவர்களுக்குச் சன்னலில் தெரிந்த மலையைச் சும்மா விட மனமில்லை. 1961 மார்ச் 13 அன்று மைக் கில், வாலி ரோமேன்ஸ் என்னும் நியூசிலாந்துக்காரர்களும், ஆங்கிலேய மருத்துவர் மைக்கேல் வார்டும், அமெரிக்கரான பேரி பிஷப்பும் தென்மேற்கு முகட்டின் வழியாக உச்சியை அடைந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் வடக்குப் பக்கமாக முயன்ற மைக் ஹாரிஸ், ஜார்ஜ் ஃப்ரேசர் என்னும் இரு ஆங்கிலேயர் திரும்பி வரவில்லை. நால்வரும் இறங்கும் வழியில் உடன்வந்த ஷெர்பா ஒருவரின் கால் முறிந்தது. அந்த முகட்டில் அவரைச் சுமந்து இறக்கினார்கள். இந்த ஏற்றத்துக்கு நேபாள அரசின் அனுமதி பெறவில்லை. அரசு 800 ரூபாய் அபராதம் விதித்தது. அதே குழு அடுத்து ஏறவிருந்த மகாலுவுக்கான அனுமதியும் ஆட்டங்கண்டது. தொகை சிறியது. ஆனால் மலை அரசின் சொத்து, அதில் ஏறுவது அரசு விற்கும் உரிமை என்ற கொள்கை அமா தப்லாமைப் பொறுத்தவரை இந்த அபராதத்தில்தான் அழுத்தமாகப் பதிந்தது. எவரெஸ்ட்டுக்குத் தலைக்கு 11,000 டாலராக இருந்த அனுமதிக் கட்டணம் 2025 செப்டம்பரில் 15,000 ஆனதும் இதே கொள்கையின் தொடர்ச்சி.

நடைப்பயணத் தொழிலின் பங்கு

வணிக மலையேற்றத்தின் தொடக்கமாக எவரெஸ்ட்டையே சுட்டுவது பலரின் பழக்கம். 1985 ஏப்ரலில் 55 வயதான அமெரிக்கத் தொழிலதிபர் டிக் பாஸ், டேவிட் பிரெஷியர்ஸின் துணையோடு உச்சியை அடைந்ததும், 1992-இல் ராப் ஹால், கேரி பால் இருவரும் வாடிக்கையாளர்களை மேலே கொண்டுசென்றதும், தலைக்கு 65,000 டாலர் வாங்கிய ஹால் 1996 மே மாதத்தில் வாடிக்கையாளர்களோடு இறந்ததும் நன்கு எழுதப்பட்டவை. அவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. என் கணிப்பில் தொழிலின் அடித்தளம் இருபது ஆண்டு முன்னரே, சிகரங்களைச் சாராமல், இடப்பட்டுவிட்டது.

கூர்க்காப் படை அதிகாரியாயிருந்து ஓய்வுபெற்ற ஜிம்மி ராபர்ட்ஸ் 1964-இல் காத்மாண்டுவில் ‘மவுண்டன் டிராவல்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வந்த முதல் வாடிக்கையாளர்கள் மூன்று அமெரிக்கப் பெண்கள். மலையேற்றக் குழுவின் கூடாரம், சமையல்காரர், சர்தார் எனப்படும் ஷெர்பாத் தலைவர், சுமையாட்கள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு உச்சியை மட்டும் நீக்கினார் ராபர்ட்ஸ். 1960-களின் பிற்பாதியில் நேபாளம் சில ஆண்டுகள் சிகரங்களை மூடியபோதும் இந்த நடைப்பயணம் நிற்கவில்லை. அதன் வழியே பெருந்திரளான கும்புக்காரர்கள் வெளிநாட்டு விருந்தினரைப் பார்த்துக்கொள்ளும் தொழிலில் தேர்ந்தார்கள்; சிலர் பின்னர் நிறுவன முதலாளிகளாக எழுந்தார்கள். நேபாள மலையேற்றச் சங்கம் 1973-இல் உருவாயிற்று. 1978-இல் எளிய அனுமதியோடு ஏறக்கூடிய பதினெட்டுச் சிகரங்கள் திறக்கப்பட்டன. ஐலண்ட் பீக், மேரா, லோபுச்சே கிழக்கு போன்றவை அவற்றுள் அடங்கும். நடக்க வந்தவருக்கு ஏறிப்பார்க்கும் ஆசையை மூட்டிய படிகள் இவை. அமா தப்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு முழு அளவிலான அனுமதியும் அரசின் தொடர்பு அலுவலரும் வேண்டும். ஆனால் படிகளின் உச்சியில் அது நின்றது, நடைப்பாதையிலிருந்து நாள்கணக்கில் கண்ணில் பட்டுக்கொண்டே.

முகட்டில் கயிறு

1979-இல் டாம் ஃப்ராஸ்ட் தலைமையிலான அமெரிக்கக் குழு தென்மேற்கு முகட்டை மீண்டும் ஏறியது. அதே பருவத்தில் ஜெஃப் லோ தென்முகத்தில் தனியாக ஏறினார். அதன்பின் குழுக்கள் அடுத்தடுத்து வந்தன. 1982-இல் அமெரிக்கப் பெண்கள் குழுவொன்றும் ஏறியது. இவர்கள் தங்கள் கயிற்றைத் தாங்களே கட்டினார்கள். 1990-களிலிருந்து வணிகக் குழுக்கள் பெருகியபோதுதான் கயிறு பொதுச்சொத்தானது. பருவத் தொடக்கத்தில் ஷெர்பாக் குழுவொன்று முன்னே போய் முதல் முகாமுக்கு மேலிருந்து உச்சிவரை கயிறு கட்டிவிடும். பின்னே வரும் குழுக்கள் செலவில் பங்கு தரும்.

இதனால் ஏறுதலே வேறொரு வேலையாக மாறியது. இரண்டாம் முகாமுக்குச் சற்றுக் கீழேயுள்ள மஞ்சள் கோபுரம் என்னும் செங்குத்துப் பாறை 1961-இல் ஏறுபவரின் கைத்திறனைச் சோதித்த இடம். இன்று வாடிக்கையாளர் கயிற்றில் மேல்நோக்கி மட்டும் நகரும் ஜூமார் என்னும் பிடியை மாட்டி, கனத்த இரட்டைப் பூட்ஸோடு உன்னி உன்னி மேலே போகிறார். சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது: ஏறத்தாழ 6,000 மீட்டரில் கையின் முழு வலுவும் அதற்கு வேண்டும், இறங்குவது இன்னும் ஆபத்து. ஆனால் பாதையைக் கண்டுபிடிப்பதும், பிடி தவறினால் விழும் தூரத்தைத் தாங்குவதும் அவர் வேலையில் சேரவில்லை. அவற்றை வேறொருவர், வேறொரு நாளில், பெயர் தெரியாமல் செய்து முடித்துவிட்டார்.

இந்த ஏற்பாடு புதிய ஆபத்துகளையும் கொண்டுவந்தது. முந்தைய பருவங்களின் பழைய கயிறுகள் வெயிலில் நைந்து புதியவற்றோடு பின்னிக் கிடக்கின்றன. களைத்துப்போனவரின் கை தவறானதில் விழ அதிக நேரம் ஆகாது. இரண்டாம் முகாமில் சில கூடாரங்களுக்கே இடமுண்டு, மலத்தை அகற்றுவது தீராத சிக்கல். ஒரே கயிற்றில் எல்லாரும் தொங்குவதால் மெதுவாகப் போகும் ஒருவர் பின்னாலிருக்கும் அனைவரையும் குளிரில் நிறுத்திவிடுகிறார்.

கயிறு பாதையையும் தங்குமிடங்களையும் நிலைப்படுத்திவிட்டதால் எல்லாரும் ஒரே இடத்தில் கூடினார்கள். முகட்டின் மேலே தொங்கும் பனிப்பாளத்துக்குக் கீழே மூன்றாம் முகாம் இருந்தது. 2006 நவம்பரில் ஓரிரவு பனிப்பாளத்தின் ஒரு பகுதி உடைந்து அந்த முகாமை அடித்துச் சென்றதில் மூன்று வெளிநாட்டவரும் மூன்று ஷெர்பாக்களும் இறந்தார்கள். அதன்பிறகு பல குழுக்கள் மூன்றாம் முகாமைத் தவிர்த்து, இரண்டாம் முகாமிலிருந்தே நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்புகின்றன. இதனால் உச்சிநாள் நீண்டது; அதைத் தாங்க வாடிக்கையாளருக்கு ஒரு ஷெர்பா என்ற கணக்கு பரவலாயிற்று. பழைய வழிகாட்டி உறவு பாதியளவில் திரும்பிவந்தது என்று இதைச் சொல்லலாம். பாதியளவு என்பதற்குக் காரணம், இருவரும் பெரும்பாலும் ஒருவரோடொருவர் கட்டிக்கொள்வதில்லை. இருவருமே மலையின் கயிற்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

யார் வழிகாட்டி?

காத்மாண்டுவில் வாழ்ந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் எலிசபெத் ஹாலி 1963 தொடங்கிப் பல பத்தாண்டுகள் குழுக்களைப் பேட்டிகண்டு தொகுத்த ஆவணங்கள் இந்த வரலாற்றுக்கு முதன்மைச் சான்று. அவற்றில் வளர்ந்த தரவுத்தளம் ஏறுபவர்களைக் குழு உறுப்பினர், கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என இரண்டாகப் பிரிக்கிறது. ஆவணப்படுத்த வசதியான பிரிவுதான். ஆனால் கயிற்றை முதலில் கட்டியவர் இரண்டாம் பிரிவில், அதைப் பிடித்து ஏறியவர் முதல் பிரிவில் அமர்கிறார் என்பதை நினைவில் கொள்ளாமல் அதன் எண்களைப் படிக்கக் கூடாது.

2003-இல் போர்ட்சே ஊரில் கும்பு ஏறுபள்ளி தொடங்கியது. உயரத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் முடிச்சும் மீட்பும் முறையாகக் கற்காதவர்களுக்கு அது பயிற்சி தந்தது. 2012-இல் நேபாளத்தின் வழிகாட்டிகள் சங்கம் உலக மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பில் முழு உறுப்பினராயிற்று. ஆல்ப்ஸ் வழிகாட்டிக்கு நிகரான தகுதிச்சான்று நேபாளிகளுக்குக் கிடைத்தது. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் பாதையிலுள்ள கும்பு பனியருவியில் பனி சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தபோது அரசு முதலில் அறிவித்த உதவி குடும்பத்துக்கு 40,000 ரூபாய். ஷெர்பாக்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்த வசந்தத்தில் எவரெஸ்ட்டின் தென்பக்கம் ஏறக்குறைய முடங்கியது. அதே பத்தாண்டில் நேபாளிகளுக்குச் சொந்தமான நிறுவனங்கள் சந்தையின் பெரும்பங்கைப் பிடித்தன. கட்டணம் இறங்கியது, கூட்டம் ஏறியது. 2017 இறுதியில் அரசு தனியாக ஏறுவதைத் தடைசெய்து வழிகாட்டியைக் கட்டாயமாக்கியது. ஆனால் விளம்பரங்களில் ‘வழிகாட்டி’ என்று வருபவர் கூட்டமைப்பின் சான்று பெற்றவராகவும் இருக்கலாம், இரண்டு பருவம் சுமை தூக்கியவராகவும் இருக்கலாம். பதிவுசெய்ய வருபவரிடம் நல்ல நிறுவனங்கள் முன் அனுபவப் பட்டியல் கேட்கின்றன. ஜூமார் போடவும் கயிற்றில் இறங்கவும் பாறையில் கிராம்பானோடு நடக்கவும் தெரியுமா என்று பார்க்கின்றன. அதே அக்கறையோடு, இந்தப் பருவம் கயிறு கட்டப்போவது யார், அவர்களுக்குக் காப்பீடு எவ்வளவு, பழைய கயிறுகளை அறுத்தெடுப்பது எவர் பொறுப்பு என்று நிறுவனத்தை எதிர்க்கேள்வி கேட்கும் வாடிக்கையாளர்கள் குறைவு.